ஐந்தாம் எண்ணம்

எங்கள் அறையில் பேசக் கூடாது. அதனால்தான் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

இயற்பியல் முடித்துவிட்டு இரண்டு ஆண்டு வீட்டில் இருந்தேன். நேர்காணல்களில் நான் தொண்டையைச் சரிசெய்து பெயரைச் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இந்த வேலைக்கான விளம்பரத்தில் மட்டும் ‘அமைதியான சுபாவம் விரும்பத்தக்கது’ என்று இருந்தது. தேர்வுக் குழுவில் இருந்தவர், “பேர் என்னம்மா?” என்றார். “ஹெப்சி” என்றேன். சத்தம் கேட்கவில்லை என்றார். மறுபடி சொன்னேன். அப்போதும் கேட்கவில்லை. “நீங்கதான் சரி” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

தாய்சேய் மருத்துவமனையின் பின்கட்டில் முதல்நாள் சோதனை மையம். பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் குழந்தை எங்களிடம் வரும். யாரும் அதற்கு எதையும் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், அதன் மூளையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை.

மனிதன் வெற்றுத் தாளாகப் பிறக்கிறானா, எழுதிய தாளாகப் பிறக்கிறானா என்று பல நூற்றாண்டுகளாகச் சண்டை நடந்தது. பேராசிரியர் அறவாழி கண்டுபிடித்த தொப்பி அதை முடித்துவைத்தது. எழுதிய தாள்தான். ஐந்து எண்ணங்களோடு பிறக்கிறோம். பொருள்: கண்ணுக்கு மறைந்தாலும் அது அங்கேயே இருக்கிறது. எண்: ஒன்று வேறு, இரண்டு வேறு. காரணம்: இது மோதினால் அது நகரும். முகம். ஐந்தாவது, பிறர். எனக்கு வெளியே இன்னொருவர் இருக்கிறார், நான் அசைந்தால் அவர் பதில் சொல்வார் என்ற எதிர்பார்ப்பு.

தொப்பியை மாட்டினால் திரையில் விளக்குகள் வரிசையாக எரியும். முதல் நான்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் எரிந்தன. ஐந்தாவது, மாநிலம் முழுவதும் ஆறில் ஒரு குழந்தைக்கு எரியவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாகப் போயிருக்கும். ஆனால் கார்டு கொடுத்தார்கள். கார்டில் எண் போட்டார்கள். பிரசவ அறை வாசலில் ஆணா பெண்ணா என்று கேட்டவர்கள் அடுத்தபடியாக “அஞ்சா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். தெருச் சண்டையில் “போடா நாலு” என்பது வசவாக வந்துவிட்டது. எங்கோ ஒரு பள்ளியில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையை மாடிப்படியில் தள்ளிவிட்டது. தள்ளிய குழந்தை நான்கு. பிறர் என்ற எண்ணமே இல்லாதவர்களோடு எங்கள் பிள்ளைகள் எப்படி உட்காரும் என்று பெற்றோர் கேட்டார்கள். ஐந்து பெற்ற மாணவர்களிடமிருந்து நான்கு பெற்றவர்களை முதல் வகுப்பிலிருந்தே பிரித்து உறைவிடப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று ஆணை வந்தது. எங்கள் ஊருக்கான உறைவிடப் பள்ளி நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மாதம் ஒருமுறை பார்க்கலாம்.

நான்கு பெற்ற குழந்தைகள் சிரிக்கத்தான் செய்தன. கூப்பிட்டால் ஓடி வந்தன. அது நடிப்பு என்று நிபுணர்கள் விளக்கினார்கள். உள்ளே இல்லாததை வெளியே பார்த்துப் பழகிக்கொள்கின்றன என்றார்கள். நானும் நம்பினேன். அறிவியல் படித்தவள்.

அறையில் என்னோடு வேலை செய்தவள் சண்முகக்கனி அக்கா. ஆயா. குழந்தையை மேசையில் கிடத்தி ஒரு கையைத் தலைக்கடியிலும் ஒரு கையைப் பாதங்களிலும் வைத்துப் பிடித்துக்கொள்வாள். நான் தொப்பியை மாட்டி, அதிலிருக்கும் பன்னிரண்டு உணரிகளையும் விரலால் ஒருமுறை தட்டிச் சரிபார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவேன். வெளியே போனதும்தான் கனியக்கா வாயைத் திறப்பாள். ஐந்து மணி நேரம் அடக்கிவைத்த பேச்சு மொத்தமும் கேன்டீனில் கொட்டும்.

அவள் மகள் ஆதிரை, வயது ஐந்தரை. கார்டில் நான்கு.

கனியக்காவுக்கு வலி வந்தது, குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னால். நான் என் அக்காவின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். “நீ டூட்டில இருக்கும்போதே பெத்துருதேன், உன் கை ராசியான கை” என்று அதற்கு முந்தின வாரம் கேலி பேசியிருந்தாள். அன்றைக்கு ஈசிஜி பிரிவிலிருந்து வந்த மாற்று ஆள் தொப்பி மாட்டினார். நல்ல மனிதர். எங்களுக்கு மேல் வேலை தெரிந்தவர்.

ஆதிரை ஜூன் பத்தாம் தேதி உறைவிடப் பள்ளியில் சேர வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. கூடவே ஒரு பட்டியல்: தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, போர்வை இரண்டு, பெயர் தைத்த உடைகள் நான்கு. கனியக்கா பெயர் தைக்கக் கொடுத்துவிட்டாள்.

மே முதல் வாரத்தில் சென்னையிலிருந்து டாக்டர் வசுமதி வந்தார். தணிக்கை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ஆறு வருஷத்துல ஆறாயிரத்துச் சொச்சம் குழந்தைங்க. சராசரிப்படி உங்க மையத்துல ஆயிரம் நாலு வந்திருக்கணும். வந்தது நாப்பத்தொண்ணு.”

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த நாப்பத்தொண்ணும் என்னிக்கு வந்ததுன்னு தெரியுமா?”

தெரியாது என்று தலையசைத்தேன்.

“நீங்க லீவு போட்ட நாள்ல. ஒண்ணு விடாம.” கோப்பை மூடினார். “நீங்க நல்லவங்களா இருக்கலாம் ஹெப்சி. பெத்தவங்க அழுறதைப் பார்க்கப் பிடிக்காம இருக்கலாம். ஆனா அளவைத் திருத்தினா அது குற்றம். என்ன பண்றீங்க, கருவியில?”

“ஒண்ணும் பண்ணல மேடம்.”

“சத்தமா.”

“ஒண்ணும் பண்ணல.”

என் பணிப்பதிவேட்டைப் புரட்டினார். அதில் இரண்டு மெமோ இருந்தது. இரண்டும் ஒரே காரணத்துக்கு: ஒரு குழந்தைக்கு மற்றவர்களைவிட நான்கு நிமிடம் அதிகம் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று நாள் எங்கள் அறை மூலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பதினான்கு குழந்தைகள். பதினான்கும் ஐந்து. மூன்றாம் நாள் மதியம் கேன்டீனுக்கு எங்களோடு வந்தார். களைத்துப்போயிருந்தார்.

“எனக்குப் புரியல. கருவி சரியா இருக்கு. இவங்க திரைப் பக்கமே திரும்பறதில்ல. தட்டறாங்க, பொத்தானை அமுக்கறாங்க. எல்லாரும் பண்றதுதான்.”

கனியக்கா வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள், “எல்லாரும் எங்க மேடம் பண்ணுதாவ? இவ பிள்ளைட்ட கேக்கால்லா.”

“என்னது?”

“மத்தவங்க வந்தா பன்னெண்டையும் டப்பு டப்புன்னு தட்டிட்டுப் பட்டன அமுக்கிருவாவ. இவ ஒண்ணத் தட்டுவா, நிப்பா. பிள்ள காலை உதைக்கும். எங்கையில தெரியும். அது அடங்குனப்புறம் அடுத்தது. மறுபடி நிப்பா. நாலாவது அஞ்சாவது தட்டுலயே பிள்ளைக்கு வெளங்கிரும். இவ தட்டதுக்கு முன்னாலயே காலத் தூக்கிட்டு ரெடியா நிக்கும், நீ தட்டு நான் உதைக்கேன்னு. வெளையாட்டுதான் மேடம். எல்லாப் பிள்ளையும் எங்கையில வச்சுத்தான் இவகூட வெளை…”

நிறுத்தினாள்.

வடைத் துண்டைத் தட்டில் வைத்தாள். விரல்களைப் புடவையில் துடைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“நீ அன்னைக்கு இல்லியே” என்றாள்.

வசுமதி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு ஆதிரையைப் பற்றி எதுவும் தெரியாது. நான்தான் சொன்னேன். ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தது.

கனியக்கா அழவில்லை. தட்டை நகர்த்திவைத்துவிட்டுச் சொன்னாள். “அவ என்னையப் பாத்துச் சிரிச்சா நான் திரும்பிச் சிரிக்கதில்ல, புள்ள. இது சிரிப்பா, நடிப்பான்னு பாப்பேன். பால் குடிக்கிற பிள்ளையா இருந்தப்பவே பாத்தேன். அஞ்சரை வருசமாப் பாக்கேன். ‘ஏம்மா மொறைக்க?’ன்னு போன வாரம் கேக்கா.”

கேன்டீன்காரர் வந்து டீ வேண்டுமா என்று கேட்டார். தலைகளை எண்ணிப் பார்த்து மூன்று வைத்துவிட்டுப் போனார்.

வசுமதி அன்றே நிரூபித்துவிட விரும்பினார். “நாளைக்கு நீங்க நிக்காம தட்டுங்க. பத்துக் குழந்தை போதும். நாலு வந்துட்டா முடிஞ்சது.”

“அந்தக் குழந்தைங்களுக்கு என்ன ஆகும் மேடம்?”

“கார்டைப் பிறகு ரத்து பண்ணலாம்.”

கார்டு தலைமைப் பதிவேட்டில் தானாக ஏறிவிடும். ஒரு குழந்தைக்கு ஒரு சோதனைதான். முதல் நாள் ஒரே ஒரு நாள்தான். அவருக்கும் அது தெரியும்.

“மத்தவங்களை நிக்கச் சொல்லுங்க” என்றேன். “எங்க நாலு அதிகமோ அங்க. தட்டட்டும், குழந்தை உதைக்கற வரைக்கும் நிக்கட்டும். நாலு குறைஞ்சா நிரூபணம். குறையலன்னா யாருக்கும் நஷ்டம் இல்ல.”

அந்த ஆண்டில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. வசுமதி என்னை வேறு மாதிரிப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

மூன்று மையங்கள், பதினாறு நாள், நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். வழக்கப்படி எழுபதுக்குமேல் நான்கு வந்திருக்க வேண்டும். வந்தது இரண்டு.

மே கடைசியில் பேராசிரியர் அறவாழி நேரில் வந்தார். எழுபது வயதிருக்கும். தானே கதவைத் திறந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வசுமதியின் அறிக்கை அவர் முன்னால் இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

“குழந்தைகளுக்குப் பாடம் எடுத்திருக்கீங்க” என்றார் என்னிடம்.

“இல்ல சார். நின்னேன்.”

“கையேட்டுல நிக்கச் சொல்லியிருக்கா?”

“இல்ல சார்.”

“பின்ன யார் சொல்லிக்கொடுத்தா?”

“யாரும் இல்ல. எனக்கு எப்பவுமே அப்படித்தான். எதிர்ல இருக்கறவங்க ஏதாவது பதில் சொன்னாத்தான் அடுத்ததுக்குப் போக வரும்.”

“எப்பவுமேன்னா?”

“பொறந்ததுலருந்தேன்னு அம்மா சொல்வாங்க.”

வசுமதிக்குச் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. பென்சிலை மேசையில் உருட்டினார்.

“மத்த மையங்கள்ல அஞ்சு வாங்கின குழந்தைங்க? அங்க யார் நின்னா?”

“கேமராப் பதிவு பார்த்தோம் சார்” என்றார் வசுமதி. “யாராவது எப்படியாவது நின்னிருக்காங்க. நடுவுல தும்மியிருக்காங்க. உணரில தடவற ஜெல் தீர்ந்து எடுக்கப் போயிருக்காங்க. நாலு தட்டு இடைவெளி விட்டு விழுந்தாலே போதுமா இருக்கு. ஒரு தடவைகூட இடைவெளி விழாத குழந்தைங்கதான் நாலு.”

“தும்மல்” என்றார் பேராசிரியர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பெஞ்சில் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். அங்கன்வாடி விட்டதும் அம்மா வரும்வரை அங்கேதான் இருப்பாள். செருப்பைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்போ ஐந்தாவது எண்ணம் பிறவியில இல்ல” என்றார். “நாலு நிமிஷத்துல கொடுக்கப்படறது. வெற்றுத் தாள்காரங்க என் வீட்டு வாசல்ல பட்டாசு வெடிப்பாங்க.”

எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் முடித்துவிட்டாரா என்று பார்த்தேன். முடித்துவிட்டிருந்தார்.

“நான் கொடுக்கல சார். முதல் தட்டு தட்டி நிப்பேன். குழந்தை உதைக்கலன்னா எனக்கு என்ன பண்றதுன்னே தெரிஞ்சிருக்காது. அது உதைச்சுது.”

“அது அனிச்சை.”

“முதல் உதை அனிச்சையா இருக்கலாம். அஞ்சாவது தட்டுக்கு முன்னாடியே காலைத் தூக்கி வச்சிருக்குதே சார். பதில் வரும்னு எதிர்பார்க்கற இடம் உள்ள இல்லாம எப்படி நாலு நிமிஷத்துல வரும்?”

“இருந்துதுன்னா ஏன் கருவியில தெரியல?”

“யாரும் கூப்பிடலியே.”

அவர் அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார். காத்திருப்பது எனக்குச் சங்கடமாக இல்லை. பழகியதுதான்.

கடைசியில் எழுந்தார். “நீங்க சொல்றது தத்துவம். என்கிட்ட இருக்கறது அளவு. யாரும் தொடாத குழந்தையோட அளவுதான் சுத்தமான அளவு. நாலு சுத்தம். அஞ்சு கறை.” அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார்.

கனியக்கா கதவுக்கு வெளியே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ‘நாலு சுத்தம்’ என்பது மட்டும் அவளுக்குக் கேட்டது. அது நல்லதா கெட்டதா என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

ஜூன் நான்காம் தேதி ஆணை வந்தது. ஐந்து என்று வழங்கப்பட்ட எல்லாக் கார்டுகளும் மாநிலம் முழுவதும் செல்லாது. நான்கு என்ற கார்டுகள் மட்டும் செல்லும். இனிமேல் சோதனை ஆராய்ச்சிக்கு மட்டும், கார்டு கிடையாது. உணரிகளைத் தொப்பி தானே சரிபார்த்துக்கொள்ளும். யாரும் தட்டக் கூடாது. ஆயாவின் கைகள் தலைக்கும் இடுப்புக்கும் அடியில் மட்டுமே இருக்க வேண்டும்.

பெரிய ரகளை நடந்தது. ‘எங்கள் அஞ்சைத் திருப்பிக் கொடு’ என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் பெற்றோர் உட்கார்ந்தார்கள். ஒருவர் கார்டைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாராம்; சட்டத்தோடு கொண்டுவந்திருந்தார்.

உறைவிடப் பள்ளி ஆணையை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை. அதை மறந்துவிட்டார்கள்.

பத்தாம் தேதி கனியக்கா ஆதிரையைக் கூட்டிக்கொண்டு நகராட்சிப் பள்ளிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். பேசுவதற்கு நான் துணை என்று நினைத்துவிட்டாள் போல. தலைமையாசிரியை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கார்டை வாங்கிப் பார்த்தார்.

“நாலு. செல்லுபடியாகிற கார்டு. இன்னிக்கு வந்த அறுபது பேர்ல அம்பத்தஞ்சுக்கு மேல கார்டு செல்லாது.” இழுப்பறையிலிருந்து பழைய ஆணையை எடுத்து வாய்விட்டுப் படித்தார். “ஐந்து பெற்ற மாணவர்களிடமிருந்து நான்கு பெற்றவர்களைப் பிரித்து…” நிறுத்தினார். வரிசையில் நின்ற குழந்தைகளை எட்டிப் பார்த்தார். “அஞ்சு இங்க யாரும்மா இருக்கா? யார்கிட்டேருந்து பிரிக்க?”

கனியக்கா என்னைப் பார்த்தாள். நான் தலைமையாசிரியையைப் பார்த்தேன்.

தலைமையாசிரியை ஆணையை மடித்து உள்ளே போட்டார். “பேர் சொல்லு பாப்பா” என்றார். ஆதிரை சத்தமாகச் சொன்னாள்.

அன்று மாலை வசுமதி போன் செய்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். “பேராசிரியர் நாப்பது வருஷமா ஆணையும் கட்டுரையும் எழுதறவர்” என்றார். “அஞ்சு எல்லாத்தையும் செல்லாதுன்னு சொன்னா என்ன ஆகும்னு தெரியாமயா எழுதியிருப்பார்?” நான் அவரிடமே கேட்கலாமே என்றேன். கேட்டாராம். அளவு அளவுதான் என்று சொன்னாராம்.

உடைகளில் தைத்த பெயரைக் கனியக்கா பிரிக்கவில்லை. இந்தப் பள்ளிக்கும் பெயர் வேண்டும்தானே என்றாள்.

எங்கள் அறை மறுபடி அமைதியானது. முன்பைவிட அமைதி. புதுத் தொப்பி தானே சரிபார்த்துக்கொள்ளும். நான் சுவரோரம் நின்று பொத்தானை அழுத்துவேன். ஒரு குழந்தைக்கு மூன்று நிமிடம். மெமோ வர வழியில்லை. ஜூன் முழுக்க நான்கு விளக்குதான். ஜூலையிலும் நான்கு. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் ஒரு படிவம். அதில் கடைசிக் கட்டம்: ‘சோதனைக்கு முன் குழந்தைக்கு ஏதேனும் தொடுதல் நேர்ந்ததா?’ இல்லை என்று எழுதி எழுதி எனக்குக் கை பழகிவிட்டது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு. தொப்பி தன்னைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. கனியக்காவின் வலது கை, இடுப்புக்கு அடியில் இருக்க வேண்டியது, பாதங்களில் இருந்தது. பழைய இடம்.

குழந்தை உதைத்தது. கனியக்காவின் கட்டைவிரல் உள்ளங்காலில் ஒருமுறை அழுந்தியது. நின்றது. குழந்தை உதைத்தது. விரல் அழுந்தியது.

பொத்தானை அழுத்த வேண்டிய நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் நின்றேன்.

பிறகு அழுத்தினேன். விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஐந்தாவதும் எரிந்தது.

கனியக்கா திரையைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அது அதற்குள் தூங்கிவிட்டிருந்தது.

நான் படிவத்தை எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் இல்லை என்று எழுதினேன். முதலில் அசைந்தது பாதமா விரலா என்று யாராவது கேட்டால், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.